எட்டு மூலைத் தகடு

விடிந்ததிலிருந்து நாகஜோதி அலுமினியத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். நசுங்கிய தூக்குச்சட்டி, கைப்பிடி போன வடிதட்டு, டிவி ஆண்டெனாக் குச்சி, சன்னல் சட்டத் துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, உதறி, இடது பக்கம் போட்டாள். சட்டிக்குள் சட்டி செருகி நசுங்கியிருந்தால் கல்லால் தட்டிப் பிரித்து உள்ளே பார்த்தாள். அவள் தேடியது மெல்லிய தகடு. எதற்குள்ளும் நுழைந்து ஒளிந்துகொள்ளக்கூடியது.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். கறுப்புத் தரையில் வெள்ளி நிற எழுத்து. நான்கு மூலைகளிலும் ரிவிட் அடித்த துளை. அடியில் ஒரு வரிசை எண்கள். அவ்வளவுதான் அடையாளம். இங்கிலீஷைக் கூட்டிப் படிக்க அவளுக்கு வராது. ஆனால் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டிப் பழகிய கண். எது எழுத்து, எது கீறல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நாலுவழிச் சாலைக்கு மண் ஏற்றிப் போகிற லாரிகள் வெளியே வரிசையாகப் போயின. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு படலம் புழுதி அந்தப் பழைய இரும்புக் கடைக்குள் வந்து இறங்கியது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தலைப்பிலும் புழுதிதான் இருந்தது.

கடைக்காரர் அய்யப்பன் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், பிரிந்து கிடந்த குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னத்தா இது, கடையவே கவுத்திட்ட?"

"உங்க வீட்டு அக்காதான் தேடிக்கிடச் சொன்னாக அண்ணே. எல்லாத்தையும் திரும்ப அடுக்கி வச்சிட்டுத்தான் போவேன்."

"அடுக்கறது கெடக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும்?" அவர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். "இது பூராவும் ஆயுத பூசைக்குப் பெறகு வந்த சரக்கு. பூசைக்கு முந்தி விழுந்த அலுமினியம் மறுநாளே லோடாப் போயிருச்சு."

"எங்கனண்ணே போச்சு?"

"எங்கன போகும்? சீசன்ல அலுமினியம் எங்கன போகும்னு உனக்குத் தெரியாதா? பவுடர் மில்லுக்குத்தான்."

அவளுக்குத் தெரியும். மில்லில் பழைய அலுமினியத்தை உருக்குவார்கள். உருக்கியதைக் காகிதம்போல இழுத்து, துண்டாக்கி, இடிப்பார்கள். இடிக்க இடிக்க அது முதலில் தவிடாகும், பிறகு மாவாகும், கடைசியில் விரலில் தொட்டால் தோலின் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பொடியாகும். மூட்டையாகக் கட்டி வருகிற அந்தப் பொடியை வெடியுப்போடும் கந்தகத்தோடும் கலந்து புஸ்வாணத்தில் அடைப்பார்கள். பற்றவைத்தால் வெள்ளையாகச் சீறிப் பூப்பது அதுதான். தீபாவளி நெருங்க நெருங்க மில்லுக்காரர்களுக்குச் சட்டியும் ஒன்றுதான், சன்னலும் ஒன்றுதான், எழுத்து பொறித்த தகடும் ஒன்றுதான்.

கையில் இருந்த வடிதட்டை அவள் கீழே வைத்தாள். அதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாதவள்போல மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாரிக்கண்ணனை விட்டாங்களா?" என்றார் அய்யப்பன்.

"இல்லண்ணே. தகட்டைக் கொண்டாந்தா விடுதோம்னு ஏட்டையா சொல்லுதாரு."

---

மாரிக்கண்ணன் அவள் புருஷன். செல்லச்சாமி அண்ணாச்சியின் பட்டறையில் டிங்கர். ஒடுங்கிய கதவை உள்ளிருந்து தட்டி நிமிர்த்துவது, துருப்பிடித்த தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத்தகரம் ஒட்டுவது அவன் வேலை. லாரிக் கேபின், வேன், மினிபஸ் என்று வந்துகொண்டிருந்த பட்டறைக்கு, போன மாசியில் ஒரு லாரியின் முதுகில் ஏறி அந்தச் சின்னக் கார் வந்தது. கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். சுதந்திரம் வந்த காலத்துச் சீமை வண்டி. பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன் எங்கோ ஒரு மலைத் தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததைப் பார்த்து வாங்கிவந்தார். புதுசுபோல ஆக்கி, மெட்ராஸில் பழைய கார்கள் ஊர்வலம் போகும்போது ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

தகடுகளைக் கழற்றியது மாரிக்கண்ணன்தான். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருந்த தகரச் சுவர் அரித்துப்போயிருந்தது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். அதில் அடித்திருந்த, வண்டியின் பெயரும் நம்பரும் போட்ட தகட்டைப் பத்திரமாக எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவி வெள்ளையடிப்பார்கள். வருடமெல்லாம் மூலையில் சேர்ந்த கழிவு, வெட்டிப்போட்ட தகரம், உடைந்த போல்ட், எல்லாம் அன்றைக்கு வேலைக்காரர்களுக்கு. அதை எடைக்குப் போட்டு அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள். இந்தப் பட்டறையில் மட்டுமல்ல. அந்த ரோட்டில் இருக்கிற எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். முதலாளி பொரிகடலையும் வேட்டியும் கொடுப்பார். கழிவையும் அள்ளிக்கொள்ளச் சொல்வார். அலமாரிக்கு வெள்ளையடிக்க டப்பாக்களைக் கீழே இறக்கினார்கள். இறக்கியவை குவியலோடு போய்விட்டன. மாரிக்கண்ணன் சாக்கைக் கட்டி அய்யப்பன் கடையில் போட்டான்.

பூஜை முடிந்த வாரத்தில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைப் பற்றித் தெரிந்தவர். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தகரச் சுவரைப் பார்த்தார். "தகடு எங்கே?" என்றார். இந்த மாதிரி வண்டிக்கு உயிரே தகடுதான். தகடு இல்லாவிட்டால் என்ன செலவு செய்தாலும் டூப்ளிகேட் என்றுதான் சொல்வார்கள். தகட்டை மட்டும் திருடி வேறு வண்டியில் அடித்து விற்கிற கூட்டம் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்லச் சின்ன முதலாளியின் முகம் மாறியது. சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது.

---

மத்தியானம் தூக்குச்சட்டியில் சோற்றோடு நாகஜோதி ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டையா மூடியைத் திறந்து, கரண்டியால் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். "சீக்கிரம் முடிச்சிட்டு வா தாயி. அய்யா ரவுண்டு போயிருக்காக."

பின்கட்டில் மாரிக்கண்ணன் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கால்களை மடக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளங்கால்கள் இரண்டும் இட்லிபோல உப்பியிருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டதை அவன் பார்த்தான்.

"கையில ஒண்ணும் படல," என்றான். "கையி நல்லாத்தான் இருக்கு."

அவள் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். அய்யப்பன் சொன்னதைச் சொன்னாள். அவன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தான்.

"மில்லுக்கா?"

"ம்."

"எம்புட்டுப் பக்குவமா எடுத்தேன் தெரியுமாத்தா? ஸ்க்ரூடிரைவரைக் குடுத்து நெம்பியிருந்தா ஒரு நிமிசம். ஆனா தகடு சுருண்டுபோகும். ஒவ்வொரு ரிவிட்டுக்கும் நட்டநடுவுல ஒரு புள்ளி குத்தி, துளையை விட ஒரு நூல் சின்ன டிரில்லா விட்டு, தலை மட்டும் கழண்டு வர்ற மாதிரி எடுத்தேன். ஒரு கீறல் விழல. எழுத்து அச்சில்லைத்தா. சுத்தி இருக்கிற எடத்தைத் திராவகத்தால அரிச்சு, எழுத்தை மட்டும் மேடா விட்டிருக்கான். நம்பரை மட்டும் பெறகு கையால அடிச்சிருக்கான். அதான் ஏழு கொஞ்சம் சாஞ்சிருக்கும்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? சாப்பிடுங்க."

அவன் இன்னொரு கவளம் வாங்கினான். சட்டென்று நிமிர்ந்தான்.

"ஏத்தா, அந்த டப்பாவுல இன்னொண்ணு கெடந்துச்சுல்ல! எஞ்சின் தகடு. அது பித்தளை. தீப்பெட்டியை விடச் சின்னது, எட்டு மூலை. பித்தளை மில்லுக்குப் போகாதே."

"அதைப் பத்தி யாரும் கேக்கலையே?"

"அவுகளுக்கு அப்பிடி ஒண்ணு இருந்ததே தெரியாது. அது மட்டும் அய்யப்பன் கடையில கெடச்சதுன்னு வையி, டப்பா கழிவோட எடைக்குப் போச்சுன்னு தெரிஞ்சுரும்ல? தகட்டைத் திருடி விக்கிறவன் எடைக்கு எதுக்குப் போடுதான்?" அவன் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு. நம்பர் தகட்டுல மட்டும் இல்ல. அடிச்சட்டத்துலயும் அடிச்சிருப்பான். முன்சக்கரத்துக்கு மேல, இடது கைப் பக்கம், சட்டம் வளையுற எடத்துல. பாலகுருகிட்ட கேளு. அவன்தான் பெயிண்டு அடிச்சான்."

ஏட்டையா வாசலில் வந்து நின்றார். அவள் தூக்குச்சட்டியை மூடினாள்.

"ஏட்டையா, தகடு கெடச்சா நெசமாவே விட்டுருவீகளா?"

"தகட்டைக் குடுத்தா இவனை வச்சு எதுக்கும்மா நாங்க சோறு போடப்போறோம்? ஆனா இன்னைக்குள்ள கொண்டா. நாளைக்கு அய்யா கோர்ட்டுக்கு அனுப்பிருவாரு. பெறகு என் கையில இல்ல."

---

பட்டறையில் கார் நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. சக்கரம் இல்லை. சாம்பல் நிறத்தில் முதல் பூச்சு மட்டும் அடித்திருந்தது. ஓட்டுகிறவர் கதவின் உள்பக்கம் மட்டும் ஒரு கையகலத்துக்கு எண்ணெய்த்தாள் ஒட்டி மறைத்திருந்தது. அதன் அடியில் டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் பழைய காகித லேபிள் இருந்தது. பெயிண்டர் பாலகுரு அதன்மேல் ஒரு துளி படவிடவில்லை.

செல்லச்சாமி அண்ணாச்சி அவளைக் கண்டதும் ஒரு லாரி டிரைவரோடு பேச்சை நீட்டிக்கொண்டே போனார். டிரைவரே சலித்துப் போய்க் கிளம்பினான். பிறகு வேறு வழியில்லாமல் திரும்பினார்.

"வாத்தா. டீ சாப்பிடுதியா?"

"வேண்டாம் அண்ணாச்சி. சட்டத்துல நம்பர் இருக்காம். பாக்கணும்."

பாலகுரு அதற்குள் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இடது முன்பக்கம், சட்டம் வளைகிற இடத்தில் துணியை வைத்து அழுத்தினான். கறுப்புப் பெயிண்டு இளகி வந்தது. கீழே இரும்பு தெரிந்தது, வெறும் இரும்பு. எழுத்து ஒன்றும் இல்லை. நாகஜோதி குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"பொறுங்க மதினி. பள்ளத்துல பெயிண்டு அடைச்சிருக்கும்."

ஊசியால் சுரண்டினான். ஒரு சாக்கட்டியைப் படுக்கையாக வைத்து அந்த இடத்தில் தேய்த்தான். பிறகு உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்தான். மேட்டில் இருந்த சாக்பொடி போயிற்று. பள்ளத்தில் இருந்தது நின்றது. இரும்பின்மேல் வெள்ளையாக எண்கள் எழுந்துவந்தன. ஒவ்வொன்றாக, கொஞ்சம் ஏறியும் இறங்கியும். ஏழு சாய்ந்திருந்தது.

"அதே நம்பர்தான். தகட்டுல பாத்திருக்கேன்," என்றான் பாலகுரு. "வண்டிக்கு ஒண்ணும் போகல. பேரும் இருக்கு, ஊரும் இருக்கு."

அவள் அண்ணாச்சியை அழைத்துவந்து காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சரிதான். ஆனா மெட்ராஸ்காரரு தகடுல்ல கேக்காரு."

"அண்ணாச்சி, எறக்குன டப்பாக்களைக் காலால தள்ளுனது நீங்கதான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு. 'எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்கலே, பூசைக்கு எடம் வேணும்'னு சொன்னீகளாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை முனையில் துடைத்தார்.

"பூசை நேரத்துல ஆயிரம் சொல்லுவேன். டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா?"

"அந்த டப்பாவும் அதோட போனது அவுகளுக்குந்தான் தெரியாது. கழிவோட சேந்து போச்சு. வருசா வருசம் குடுக்கறதுதானே? அதை மட்டும் வந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை."

"ஏத்தா, சின்ன முதலாளி வீட்டு லாரி பூராவும் என் பட்டறைக்குத்தான் வருது. நான் குடுத்தேன்னு சொன்னா, தகட்டைத் தொலைச்சவன் நான்னு ஆகும். மறுநாள் இங்க ஒரு லாரி நிக்காது. பெறகு இவனுக எல்லாம் எங்க போவானுக?" கையால் பட்டறையைக் காட்டினார். பாலகுரு கையில் துணியோடு அப்படியே நின்றான். "சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாரேன். மாரிக்கண்ணன் நல்லவன், கையி சுத்தம்னு சொல்லுதேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

அவர் போனதும் அவள் பாலகுருவைப் பார்த்தாள்.

"தம்பி, நீ கேட்டியா, அன்னைக்கு அவரு அள்ளச் சொன்னதை?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன் மதினி."

"அப்ப நீ வா."

அவன் கையில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் உரித்தான்.

"அந்தச் சாக்கை அண்ணன் வண்டியில தூக்கி வச்சது நான். காசுலயும் எனக்குப் பங்கு உண்டு. நான் வந்து சொன்னா, 'அப்ப நீயும் உள்ள போலே'ம்பாங்க. எனக்கு அடி தாங்காது மதினி. சத்தியமாத் தாங்காது."

அவளுக்கு அவனைத் திட்ட வாய் வந்தது. உப்பியிருந்த கால்கள் நினைவுக்கு வந்தன. ரோட்டுக்கு இறங்கினாள்.

---

பித்தளை மூட்டைகள் அய்யப்பன் கடையின் பின்னால் தகரத்தடுப்புக்குள் கிடந்தன. பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். ஒரு நடைக்குத் தேறிய பிறகுதான் மதுரைப் பாத்திர வியாபாரி வண்டி அனுப்புவான். எப்படியும் தீபாவளி கழியும்.

அவள் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கவிழ்த்தாள். குழாய்த் தலைகள், சைக்கிள் டியூப் வால்வுகள், நாக்கு இல்லாத மணி, பம்பு ஸ்டவ் பர்னர்கள், திறவுகோல் தொலைந்த பூட்டுகள். பித்தளை கனம். விரல்நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அதைச் சேலையில் அழுத்திவிட்டு மறுபடி கிளறினாள். முதல் மூட்டையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வெயில் தகரத்தடுப்பின் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. கம்பெனி வேன் தொழிலாளிகளோடு திரும்பிப் போகிற சத்தம் ரோட்டில் கேட்டது.

மூன்றாவது மூட்டையின் அடியில் கிரீஸ் பிடித்த குழாய் மூட்டு ஒன்று கிடந்தது. அதை ஒதுக்கப்போனவள், அதன் பக்கவாட்டில் ஏதோ ஒட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தாள். வழவழப்புக்கு நடுவில் ஒரு ஓரம். ஓரத்துக்கு அடுத்து மூலை. மூலைக்கு அடுத்து இன்னொரு மூலை. அவள் விரலால் சுற்றிச் சுற்றி எண்ணினாள். எட்டு.

"அண்ணே!"

அய்யப்பன் ஓடிவந்தார். அவள் தகட்டைச் சேலையில் துடைத்துத் துடைத்து வெயிலில் பிடித்தாள். நுணுக்கமான எழுத்து, அடியில் எண்கள், இரண்டு பக்கமும் துளை. துளையின் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அது அவள் புருஷனின் வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

அய்யப்பன் சிரிக்கவில்லை. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கேளு. ரோட்டோரம் கெடந்துச்சுன்னு சொல்லு. பட்டறைக்குப் பின்னால சாக்கடையில கெடந்துச்சுன்னு சொல்லு. என் கடையில எடுத்தேன்னு மட்டும் சொல்லிராத."

"ஏன்ணே? இங்க கெடந்தாத்தானே எடைக்குப் போட்டதுன்னு தெரியும்? ரோட்டுல கெடந்துச்சுன்னா, ஒளிச்சு வச்சிருந்து பயந்துபோய் வீசிட்டான்னு சொல்லுவாகள்ல?"

"உனக்கு அவுக கணக்குத் தெரியாது தாயி."

"எடைக்குப் போட்டவன் எங்கனயாவது திருடனாவானாண்ணே? திருடுறவன் சைக்கிள் வால்வோட சேத்தா போடுவான்? எந்தப் பைத்தியக்காரனுக்கும் புரியுமே."

"பைத்தியக்காரனுக்குப் புரியும்," என்றார் அய்யப்பன்.

அவள் தகட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸுக்கு ஓடினாள். கவிழ்த்த மூட்டைகளைத் திரும்பக் கட்டவில்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

---

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இருந்தார். அவருக்கு எதிரில் நாற்காலியில் சின்ன முதலாளியின் மேனேஜர். பக்கத்து பெஞ்சில் செல்லச்சாமி அண்ணாச்சி, சொன்னபடி வந்திருந்தார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நாகஜோதி தகட்டை மேசையில் வைத்தாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை நின்று நிதானமாகச் சொன்னாள். டப்பாவில் இரண்டு தகடு இருந்தது; கழிவோடு கலந்துவிட்டது; ஒன்று பவுடர் மில்லுக்குப் போய்விட்டது; இது அய்யப்பன் கடையில் பித்தளை மூட்டைக்குள் இருந்தது; காருக்குரிய நம்பர் சட்டத்திலேயே இருக்கிறது, அண்ணாச்சியும் பார்த்தார்.

எஸ்.ஐ. தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் செல்போனில் யாரிடமோ எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். தலையாட்டினார்.

"எந்தக் கடையிலம்மா எடுத்தே?"

"சாத்தூர் ரோட்டுல, அய்யப்பன் அண்ணன் கடையிலங்கய்யா."

"உன் புருஷன்தான் அங்கே கொண்டுபோய்ப் போட்டான்?"

"ஆமாங்கய்யா. கழிவோட."

"காசு வாங்கினான்?"

"எடைக்கு உள்ள காசுங்கய்யா. எல்லாருமாப் பங்கு வச்சுக்கிட்டாக. பூசைக்குப் பூசை குடுக்கறதுதானுங்க."

எஸ்.ஐ. ஏட்டையாவைப் பார்த்தார். "ரெண்டு நாளா இவன் வாயிலேருந்து வராததை இந்தம்மா ஒரு நிமிஷத்துல சொல்லிடுச்சு. எழுதுங்க. திருடின சொத்து, வித்த இடம், வாங்கின ஆள், எல்லாம் வந்துடுச்சு. அந்தப் பழைய இரும்புக் கடைக்காரனையும் கூட்டிட்டு வாங்க."

நாகஜோதிக்கு முதலில் விளங்கவில்லை.

"அய்யா, திருடலீங்க. அதைத்தானே சொல்லுதேன். அது வளக்கம். முதலாளி குடுக்கறது."

"எந்த முதலாளி?"

அவள் திரும்பினாள். "அண்ணாச்சி, சொல்லுங்க."

எஸ்.ஐ.யும் திரும்பினார். "நீங்க கொடுத்தீங்களா?"

செல்லச்சாமி கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தார். மேனேஜர் செல்போனை மூடிவிட்டு அவரைப் பார்த்தார்.

"கழிவு அள்ளுறது வேலைக்காரங்க வேலைங்க சார்," என்றார் அண்ணாச்சி. "எதை அள்ளுனாங்க, எங்க போட்டாங்கன்னு நான் பாக்கறதில்ல. பையன் நல்ல பையன்தான். வேலைக்காரன். ஏன் இப்பிடிச் செஞ்சான்னு தெரியல."

"அண்ணாச்சி..."

அவர் எழுந்து வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். அவளைப் பார்க்காமல் வாசலுக்குப் போய், அங்கே கிடந்த செருப்புகளுக்குள் தன் செருப்பைத் தேடினார்.

ஏட்டையா எழுதிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். "கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"விடுதோம்னு சொன்னீகளே ஏட்டையா."

"ஜாமீன் கேளு. வக்கீலைப் பாரு. இங்கன போடு. க.பெ. மாரிக்கண்ணன்னு எழுதிட்டு, அதுக்குக் கீள."

அவள் பேனாவைத் தொடவில்லை. ஏட்டையா அவள் விரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார். பிய்ந்த நகத்தில் மை ஏறி எரிந்தது.

மாரிக்கண்ணனைப் பின்கட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் நடந்துவந்தான். மேசையில் தகட்டைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "கெடச்சிருச்சாத்தா?" என்றான். அவள் விரலில் இருந்த மையைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

ஏட்டையா ஒரு அட்டைத்துண்டை எடுத்து வழக்கு எண்ணை எழுதினார். அதற்குக் கீழே சொத்தின் விவரம். அதற்கும் கீழே எதிரியின் பெயர், மாரிக்கண்ணன், தகப்பன் பெயர், ஊர். அட்டையில் ஓட்டை போட்டு, சணல் நூலைக் கோத்து, தகட்டின் துளைக்குள் நுழைத்து முடிச்சிட்டார். மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டினார். அது இளகிச் சொட்டத் தொடங்கியது.

"ஏட்டையா," என்றான் மாரிக்கண்ணன். "முடிச்சைத் தள்ளி வச்சுக்கிட்டு ஊத்துங்க. நம்பர் மேல விழுந்தா, எடுக்கையில எழுத்து போயிரும்."

"சும்மா நில்லுலே," என்றார் ஏட்டையா.

முதல் சொட்டு முடிச்சின்மேல் விழுந்தது. அடுத்தது வழிந்து தகட்டின்மேல் இறங்கி, எண்களின் வரிசையில் மெள்ளப் பரவியது. ஏட்டையா பித்தளை முத்திரையை அதன்மேல் வைத்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, முழு பலத்தோடும் அழுத்தினார்.